தெளிந்த தண்ணீர்

செம்பவாங் வெந்நீர் ஊற்றில் ஞாயிற்றுக்கிழமை
முட்டை அவிக்கக் கூட்டம்.
ஷபிகுல் ஒரு டஜன் வாங்கி வந்திருக்கிறான்.
நான் காலை நனைக்க மட்டும் வந்தவன்.

பக்கத்தில் ஒரு சீனர், எழுபது இருக்கும்,
பெயர் கோ பெங் சுவான் என்று பிறகு சொன்னார்.
சோயா பால் வந்த பழைய போத்தல்கள் நான்கு,
ஒரு புனல்,
போத்தல் உருகாதபடி ஆறவிட்டு ஊற்றும் பொறுமை.
"குடிக்கவா?" என்றேன்.
"பின்னே? குழாய்த் தண்ணீரில் மருந்து கலக்கிறார்கள்.
இது மண் தருவது. நேச்சுரல்."

குழாய்தான் என் பிழைப்பு.
இரவு பதினொன்றுக்குச் சுவா சூ காங் சாலையில் தாரை வெட்டி
பழையதை எடுத்துப் புதியதைப் பூட்டி
விடிவதற்குள் மூடிவிட வேண்டும்.
ஒருநாள் மூட்டு கசிந்து முகத்தில் அடித்தது.
அப்படியே வாயில் ஏந்திக் குடித்தேன்.
சூப்பர்வைசர் கத்தினார், இன்னும் கழுவாத குழாய் அது.
இதை நான் கோவிடம் சொல்லவில்லை.

ஏழு ஆண்டுகளாக இங்கே கையை வைத்து மறைத்துத்தான் சிரிக்கிறேன்.
வொர்க் பர்மிட் படத்தில் உதடு ஒட்டியே இருக்கும்.
கிளினிக்கில் டாக்டர் ஹஸ்லினா விளக்கைத் திருப்பி
"புகையிலையா? சிரேவா?" என்றார்.
"தண்ணி" என்றேன்.
மறுபடி கேட்டார்.
மறுபடியும் தண்ணி.
தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டென்று
உதவியாளர் பெண் காதில் ஓதியிருக்க வேண்டும்.
குடிப்பழக்கம் என்று அட்டையில் எழுதினார்கள்.

பென்னாகரம் பக்கம் எங்கள் ஆழ்துளைக் கிணறு,
அறுநூறு அடி.
கண்ணாடி மாதிரி வரும். முகர்ந்தால் ஒன்றுமில்லை.
காய்ச்சித்தான் குடித்தோம்.
கொதிக்குச் சாகிற கிருமி இல்லை அது, பாறையின் உப்பு,
தண்ணீர் சுண்டச் சுண்ட அதுதான் மிஞ்சும்.
ஈறுக்குள் காத்திருந்த பற்கள்
முளைக்கும்போதே கறையோடு வந்தன,
வரிவரியாகக் காவி, நடுவில் சுண்ணாம்பு வெள்ளை.
பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அதே பல்,
அதனால் யாருக்கும் அது தெரியவில்லை.
வெட்கம் எனக்குச் சென்னை விமான நிலையத்தில் வந்தது.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள்.
அம்மாவை நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை போனபோது டாக்டருக்குப் புரிந்திருந்தது.
உன் ஊரில் அளவுக்கு மிஞ்சிய அதே பொருளை
இங்கே குழாய்த் தண்ணீரில் துளியளவு சேர்க்கிறோம்,
பல் சொத்தையாகாமல் இருக்க, என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
விளக்கு முகத்தில்,
வாய் ஏற்கெனவே திறந்திருக்கிறது,
மூட வழியில்லை.

"அங்கிள்" என்று கூப்பிட்டு
உதட்டை விரலால் தூக்கிக் காட்டினேன்.
மேல் வரிசை. கீழ் வரிசை.
"நேச்சுரல்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்தார்.
"இதிலும் அது இருக்கிறதா?"
"தெரியாது. பார்த்தால் தெரியாது, அங்கிள். எங்களுடையதும் இப்படித்தான் இருந்தது."
அவர் தன் பல் செட்டைக் கழற்றி
உள்ளங்கையில் வைத்து நீட்டினார்,
பொக்கை வாயால் ஏதோ சொன்னார்,
எனக்கு இனி என்ன பயம் என்பதாக இருக்கலாம்.
ஷபிகுல் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நாலும் உங்களுக்கா?"
செட்டை மாட்டிக்கொண்டார். நேரம் எடுத்தது.
"ஒன்று பேத்திக்கு. வியாழக்கிழமை வருவாள்."
"எத்தனை வயது?"
"ஐந்து."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
நான்காவது போத்தலின் மூடியைத் திருகினார்,
திறந்தார்,
மறுபடி மூடினார்.
பிறகு, யாரோ கேட்டது போல,
என் கால் வைத்திருந்த வாளியில் அதை ஊற்றினார்.
இன்னும் சுட்டது.

மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்.
ஷபிகுல் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தான்.
வேகவில்லை.